ஹாரோவில் நண்பன் வீட்டுக்குப் போனதற்கு 100 பவுண்டு பார்க்கிங் டிக்கெட். கட்டலாமா?

மில்டன்கீன்ஸ்வாசி:

வணக்கம். மார்ச் 8, சனிக்கிழமை, லண்டன் ஹாரோவில் இருக்கும் நண்பன் வீட்டுக்குப் போயிருந்தோம். அவன் மனைவிக்குக் குழந்தை பிறந்து சில வாரங்கள்தான் ஆகின்றன. எங்கள் பையன் படுத்திருந்த குழந்தைக் கட்டில் சும்மாதான் கிடந்தது. அதைப் பலகை பலகையாகக் கழற்றி டிக்கியில் ஏற்றிக்கொண்டு, பூண்டுக் குழம்பும் அங்காயப் பொடியும் ஒரு பையில் போட்டுக்கொண்டு கிளம்பினோம்.

அது நான்கு மாடி ஃபிளாட். கீழே பார்க்கிங்கில் 'பெர்மிட் உள்ளவர்களுக்கு மட்டும்' என்று ஒரு போர்டு, அதற்குக் கீழே எறும்பு எழுத்தில் 100 பவுண்டு என்று ஒரு வரி. விருந்தாளிகளுக்கான பெர்மிட் அட்டை ஒன்று நண்பனிடம் இருக்கிறது. ஆனால் அது மூன்றாவது மாடியில், அவன் வீட்டுக்குள் சாவி மாட்டும் ஆணியில் தொங்குகிறது. மேலே போய் வாங்கி வந்தால்தானே காரில் வைக்க முடியும்? லிஃப்ட் வேறு ஓடவில்லை. வெறுங்கையோடு ஏறுவானேன் என்று கட்டில் பலகைகளையும் தூக்கிக்கொண்டு ஏறி, அட்டையை வாங்கிக்கொண்டு இறங்கி, கண்ணாடியில் வைத்தாயிற்று. காரில் எதுவும் ஒட்டியிருக்கவில்லை. அப்புறம் சாப்பிட்டு, குழந்தையைக் கொஞ்சிவிட்டு சாயங்காலம் ஊர் திரும்பினோம்.

மார்ச் 26 அன்று தபாலில் நோட்டீஸ். கார் மனைவி பெயரில் இருப்பதால் லெட்டரும் அவள் பெயருக்கு. 100 பவுண்டு, 14 நாளுக்குள் கட்டினால் 60. கூடவே இரண்டு படம், ஒன்றில் 11:42, இன்னொன்றில் 11:49. யாரோ நின்று போனில் எடுத்த மாதிரி இருக்கிறது. நோட்டீஸில் உள்ள தேதி மார்ச் 21.

நண்பன் தானே கட்டுகிறேன் என்கிறான். கைக்குழந்தைக்காரனிடம் காசு வாங்க மனசு வரவில்லை. கட்டடத்தை நிர்வகிக்கும் ஏஜென்டுக்கு அவன் போன் போட்டால், 'பார்க்கிங் கம்பெனியிடமே பேசிக்கொள்ளுங்கள்' என்று வைத்துவிட்டார்கள். கம்பெனிக்குப் போன் போட்டால் மிஷின்தான் பேசுகிறது.

இந்த வருடம் வீட்டுக் கடனுக்கும், அடுத்த வருடம் நிரந்தர வசிப்புரிமைக்கும் விண்ணப்பிக்க இருக்கிறோம். அதனால்தான் பயம். 60ஐக் கட்டித் தொலைத்துவிடலாமா?

(யாரோ தனிச்செய்தியில் சொன்னதால் ஒரு வரியை எடுத்துவிட்டேன்.)

ஸ்லவ்காரன்:

ப்ரோ, நேராகக் குப்பைத்தொட்டி. கவுன்சில் டிக்கெட் என்றால் பயப்படலாம், இது தனியார் கம்பெனியின் மிரட்டல் காகிதம். 2009, 2010 வாக்கில் எனக்கும் வந்திருக்கிறது. பிரித்துக்கூடப் பார்த்ததில்லை. யாரும் வந்து ஒன்றும் பிடுங்கவில்லை.

குரோய்டன் கணக்கப்பிள்ளை:

ஸ்லவ்காரர் சொல்வது பழைய கதை. 2015இல் சுப்ரீம் கோர்ட்டே 85 பவுண்டு டிக்கெட் செல்லும் என்று பார்க்கிங் கம்பெனி பக்கம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. வீட்டுக் கடன் வாங்கப் போகிறவருக்கு இந்த வம்பு எதற்கு? 60 பவுண்டைக் கட்டிவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். லெட்டர் எழுதிக்கொண்டு உட்காரும் நேரத்துக்கும் விலை இருக்கிறது.

ஹாரோ அக்கா:

தம்பி, இப்ப கட்டவும் வேண்டாம், குப்பையில் போடவும் வேண்டாம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் நான் எந்தப் பக்கத்து ஆள் என்று சொல்லிவிடுகிறேன். நானும் ஹாரோதான். எங்கள் கட்டடத்தில் வீட்டுச் சொந்தக்காரர் சேர்ந்து நடத்துகிற நிர்வாகக் கம்பெனியில் நானும் ஒரு இயக்குநர். இப்படி ஒரு பார்க்கிங் கம்பெனியை எங்கள் கட்டடத்துக்குக் கூட்டி வந்ததே நாங்கள்தான். வெம்ப்ளியில் மேட்ச் நடக்கிற நாளில் ஊர் பேர் தெரியாதவர்கள் எல்லாம் எங்கள் இடத்தில் காரை விட்டுவிட்டு மெட்ரோபொலிடன் லைன் ரயில் ஏறிப் போய்விடுவார்கள். வேலை முடிந்து வருகிற நாங்கள் தெருத்தெருவாகச் சுற்றுவோம். கம்பெனி வந்த பிறகு அது நின்றது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர்கள் எங்களிடம் ஒரு பென்னிகூடக் கேட்கவில்லை. டிக்கெட்டில் வருகிற காசுதான் அவர்கள் வருமானம். படம் எடுக்கிறவருக்கு மேட்ச் பார்க்கப் போனவரும் ஒன்றுதான், பெர்மிட் எடுக்கப் படியேறினவரும் ஒன்றுதான். ஒப்பந்தம் போடும்போது நாங்கள் ஒன்று கேட்டு வாங்கினோம்: நாங்கள் சொன்னால் எந்த டிக்கெட்டையும் ரத்துச் செய்ய வேண்டும். அதைப் பிறகு சொல்கிறேன்.

உங்கள் தேதிகளுக்கு வருவோம். உங்கள் பலமே அங்கேதான் இருக்கிறது.

ஸ்லவ் தம்பி சொன்ன காலத்தில் கார் யார் பெயரில் இருக்கிறதோ அவரிடம் கம்பெனி காசு கேட்க முடியாது, ஓட்டினவரிடம்தான் கேட்க முடியும். ஓட்டினவர் யார் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? அதனால் பேசாமல் இருந்தால் தப்பிக்கலாம். 2012 அக்டோபர் 1இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சட்டம் மாறியது. தனியார் இடத்தில் சக்கரத்தைப் பூட்டுவதைத் தடை செய்தார்கள். அதற்கு ஈடாக, சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு, பதிவு பெற்ற கீப்பரிடமே, அதாவது கார் யார் பெயரில் இருக்கிறதோ அவரிடமே, காசு கேட்கலாம் என்று கம்பெனிகளுக்கு உரிமை கொடுத்தார்கள். புரொடெக்‌ஷன் ஆஃப் ஃபிரீடம்ஸ் சட்டம் 2012, நான்காவது அட்டவணை. இந்தப் பெயரை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த நிபந்தனைகளில் ஒன்று நாள் கணக்கு. கண்ணாடியில் டிக்கெட் ஒட்டாமல் தபாலில் மட்டும் அனுப்பினால், கார் நின்ற நாளுக்கு அடுத்த நாளிலிருந்து எண்ணி 14 நாளுக்குள் நோட்டீஸ் கீப்பர் கையில் 'சேர்ந்திருக்க' வேண்டும். எழுதின தேதியோ, தபாலில் போட்ட தேதியோ கணக்கில்லை. தபாலில் போட்டதற்குப் பிறகு வருகிற இரண்டாவது வேலை நாளில் சேர்ந்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்கிறது.

உங்களுக்கு மார்ச் 9இலிருந்து எண்ணினால் 14ஆம் நாள் மார்ச் 22. நோட்டீஸ் தேதி 21, வெள்ளிக்கிழமை. அன்றைக்கே தபாலில் போட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். சனி, ஞாயிறு வேலை நாள் இல்லை. திங்கள் ஒன்று, செவ்வாய் இரண்டு. ஆக 25ஆம் தேதிதான் சேர்ந்ததாகக் கணக்கு. மூன்று நாள் பிந்திவிட்டது. நோட்டீஸில் உள்ள தேதியைப் பார்த்தால் பதின்மூன்றாம் நாள், கெடுவுக்குள் வந்துவிட்டது போலத் தெரியும். ஆட்கள் ஏமாறுவது இங்கேதான்.

பின்பக்கத்தை வடிவாகப் பாருங்கள். '28 நாளுக்குள் கட்டாவிட்டால் கீப்பரிடம் வசூலிக்க எங்களுக்கு உரிமை உண்டு' என்று நான்காவது அட்டவணையைக் காட்டி எழுதியிருக்கிறதா? பிந்திப் போனதைத் தெரிந்தே அனுப்புகிற கம்பெனிகள் அந்தப் பந்தியை விட்டுவிட்டு, 'ஓட்டினவர் யார் என்று சொல்லுங்கள்' என்று மட்டும் கேட்பார்கள். அப்படி இருந்தால் உங்கள் மனைவியைப் பிடிக்க முடியாது என்பது அவர்களுக்கே தெரியும்.

ஆகவே கம்பெனிக்குப் போடுகிற அப்பீல் உங்கள் மனைவி பெயரில், கீப்பராக மட்டும் போக வேண்டும். ஓட்டினவர் யார் என்று எங்கேயும் எழுதக் கூடாது. 'நான் நிறுத்தினேன்', 'நான் பெர்மிட் எடுக்கப் போனேன்' என்று ஒரு வரி வந்தாலும் எல்லாம் போச்சு. 'வாகனம் நிறுத்தப்பட்டிருந்தது' என்றே எழுதுங்கள். இங்கே ஒரு வரியை எடுத்துவிட்டது நல்லது. கம்பெனிக்காரர்களும் இந்த மாதிரி இடங்களை வாசிக்கிறவர்கள்தான்.

அந்த 7 நிமிடத்தை முதல் வாதமாக வைக்க வேண்டாம். '10 நிமிடம் சலுகை உண்டே' என்று சிலர் சொல்வார்கள். அது அனுமதிக்கப்பட்ட நேரம் முடிந்து வெளியேறுவதற்கு. உள்ளே வந்து போர்டை வாசித்து முடிவு செய்யக் குறைந்தது 5 நிமிடம் என்பது தனிக் கணக்கு, அதை நீங்கள் தாண்டிவிட்டீர்கள். ஆனால் கட்டில் இறக்கினீர்கள் இல்லையா, அது உதவும். 2016இல் ஆக்ஸ்ஃபோர்டில் கவுண்டி கோர்ட் மேல்முறையீடு ஒன்று. ஃபிளாட்டில் குடியிருக்கிற பெண் மேஜை ஒன்றை உள்ளே கொண்டு போக வாசலில் காரை நிறுத்தினார், டிக்கெட் விழுந்தது. சாமான் இறக்குவதற்காக நிற்பது 'பார்க்கிங்' ஆகாது என்று நீதிபதி அவர் பக்கம் தீர்ப்புக் கொடுத்தார். வேறு நீதிபதியை அது கட்டுப்படுத்தாது, ஆனாலும் காட்டலாம்.

கணக்கப்பிள்ளை அண்ணா சொன்ன சுப்ரீம் கோர்ட் வழக்கு செம்ஸ்ஃபோர்டில் ஒரு கடைத்தொகுதியில் நடந்தது. இரண்டு மணித்தியாலம் இலவசம், அந்த ஆள் 56 நிமிடம் கூட நின்றார். சுற்றிவரப் பெரிய எழுத்தில் போர்டு. கடைகளுக்கு வாடிக்கையாளர் வந்து வந்து போக வேண்டும் என்பதற்காக அந்தத் தொகை நியாயம் என்றார்கள். பெர்மிட் கையில் உள்ள ஒரு வீட்டுக்கு வந்த விருந்தாளி விஷயம் அதுவல்ல. அதோடு 'பெர்மிட் உள்ளவர்களுக்கு மட்டும்' என்ற போர்டு பெர்மிட் இல்லாதவருக்கு எந்த அனுமதியும் தரவில்லை. அனுமதியே தராத இடத்தில் ஒப்பந்தம் எங்கிருந்து வரும்? அத்துமீறி நுழைந்தார் என்று வேண்டுமானால் நிலத்துக்காரர் வழக்குப் போடலாம். சில நீதிபதிகள் இதை ஏற்றிருக்கிறார்கள், சிலர் ஏற்கவில்லை. இரண்டாவது வாதமாக வையுங்கள்.

இனி ஏஜென்ட். போனில் கதைத்துப் பிரயோசனம் இல்லை. நண்பர் ஈமெயிலில், 'புகார்' என்று தலைப்பிட்டு எழுதட்டும்: வந்தது என் விருந்தாளி, எனக்கு விசிட்டர் பெர்மிட் தந்திருக்கிறீர்கள், அதை எடுக்க மாடிக்கு வந்துதான் ஆக வேண்டும், கைக்குழந்தை இருக்கிற வீடு, லிஃப்ட் பழுது, ரத்துச் செய்யச் சொல்லுங்கள். அவர் வாடகைக்கு இருப்பவர் என்றால் வீட்டுச் சொந்தக்காரரையும் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். ஏஜென்டுக்குச் சம்பளம் வருவது சொந்தக்காரர் கட்டுகிற சர்வீஸ் சார்ஜில் இருந்து. நாங்கள் ஒப்பந்தத்தில் கேட்டு வாங்கின மாதிரி அங்கேயும் ரத்து உரிமை இருக்கலாம். சொந்தக்காரரின் லீஸையும் (ஃபிளாட்டின் நீண்ட காலக் குத்தகைப் பத்திரம்) கேட்டுப் பாருங்கள். 'விருந்தாளிகள் வாகனம் நிறுத்தலாம்' என்று அதில் பெர்மிட் பேச்சே இல்லாமல் இருந்தால், பின்னால் வந்த கம்பெனி அந்த உரிமையைப் பறிக்க முடியாது.

கடன், விசா பற்றி. இது குற்றம் இல்லை, போலீஸ் பதிவு எதுவும் வராது. கட்டாமல் இருந்தால் வசூல் கம்பெனி ஒன்று 70 பவுண்டு கூட்டி 170 என்று சிவப்பு எழுத்தில் கடிதம் கடிதமாக அனுப்பும். அவர்கள் வீட்டுக்கு வந்து சாமான் தூக்குகிற ஆட்கள் இல்லை, அவர்களுக்குப் பதில் போட வேண்டாம். ஆனால் 'வழக்குக்கு முந்தைய கடிதம்' என்று வந்தால் 30 நாளுக்குள் பதில் போட வேண்டும். நார்த்தாம்ப்டனிலிருந்து கோர்ட் படிவம் வந்தால் விடவே கூடாது. 14 நாளுக்குள் 'பெற்றேன், எதிர்க்கிறேன்' என்று ஆன்லைனில் பதிந்தால், எதிர்வாதம் எழுத மொத்தம் 28 நாள் கிடைக்கும். அதையும் விட்டவர்களுக்குத்தான் கேட்காமலே தீர்ப்பு விழுகிறது. தீர்ப்பு வந்து ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் 6 வருஷம் பதிவேட்டில் இருக்கும், வீட்டுக் கடன் அங்கேதான் அடிபடும். விசா படிவத்திலும் சிவில் தீர்ப்புப் பற்றிக் கேட்பார்கள். எதிர்த்து வாதாடித் தோற்றாலும் ஒரு மாதத்துக்குள் கட்டிவிட்டால் பதிவு அழிந்துவிடும். ஆக, பயப்பட வேண்டியது டிக்கெட்டுக்கு இல்லை. வீடு மாறும்போது டி.வி.எல்.ஏ. என்கிற வாகனப் பதிவு அலுவலகத்தில் முகவரி மாற்றாமல் இருப்பதற்குத்தான். கம்பெனி 2.50 பவுண்டு கட்டி முகவரி வாங்குவது அங்கேதான்.

ஒன்று சொல்ல மறந்தேன். ஹைகேட் முருகன் கோவிலுக்குப் போய் ஆர்ச்வே ரோட்டில் சிவப்புக் கோட்டில் நிறுத்தி வாங்குகிற டிக்கெட் அரசாங்க அபராதம். அதற்கு நான் சொன்னது எதுவும் பொருந்தாது. அது கீப்பர் தலையில்தான் விழும்.

கிளாஸ்கோ தமிழன்:

அக்கா சொன்னது இங்கிலாந்து, வேல்ஸுக்கு மட்டும். அந்த நான்காவது அட்டவணை ஸ்காட்லாந்துக்குப் பொருந்தாது. இங்கே இருப்பவர்கள் அதைக் காட்டி அப்பீல் எழுதாதீர்கள், சிரிப்பார்கள்.

மில்டன்கீன்ஸ்வாசி:

அக்கா, ரொம்ப நன்றி. பின்பக்கம் பார்த்தேன். நீங்கள் சொன்ன அந்தப் பத்தி இல்லவே இல்லை! 'ஓட்டியவரின் பெயர், முகவரி தருக' என்றுதான் இருக்கிறது. லெட்டரில் பிரிட்டிஷ் பார்க்கிங் அசோசியேஷன் என்ற பார்க்கிங் கம்பெனிகள் சங்கத்தின் முத்திரை இருக்கிறது.

ஒரு சந்தேகம். கேட்டும் சொல்லாமல் இருந்தால் அது பொய் சொன்னதாக ஆகாதா? மனைவிக்கு அதுதான் உறுத்துகிறது. அப்பீல் போட்டால் 60 போய் 100 ஆகிவிடுமா?

ஹாரோ அக்கா:

பொய் சொல்லக் கூடாது. வேறு யாரோ ஓட்டினார் என்று எழுதினால் அது பொய். சொல்லாமல் விடுவது பொய் இல்லை. ஸ்பீட் கேமராவில் மாட்டினால் போலீஸுக்குச் சொல்லியே ஆக வேண்டும், சொல்லாவிட்டால் குற்றம். தனியார் கம்பெனிக்கு ஓட்டினவர் பெயரைச் சொல்லக் கீப்பருக்கு எந்தச் சட்டக் கடமையும் இல்லை. மனைவியிடம் இந்த வித்தியாசத்தைச் சொல்லுங்கள்.

14 நாளுக்குள் அப்பீல் போட்டால், நிராகரித்தாலும் 60 கட்டினால் போதும் என்ற சலுகையைப் பொதுவாகத் திரும்பத் தருவார்கள். அதற்கு மேல் பாப்லாவுக்கு, அதாவது அந்தச் சங்கத்துக் கம்பெனிகளின் டிக்கெட்டை விசாரிக்கிற அப்பீல் அமைப்புக்கு, போனால் 60 போய்விடும், 100தான். உங்கள் கணக்குக்கு அந்தத் துணிச்சல் எடுக்கலாம்.

பாப்லா உங்களுக்கு இலவசம். அங்கே கம்பெனி தோற்றால் அது கட்டுப்பட வேண்டும், நீங்கள் தோற்றால் கட்டுப்பட வேண்டியதில்லை. முத்திரை பார்க்கிங் கம்பெனிகளின் மற்றச் சங்கத்தினுடையதாக இருந்தால் அப்பீல் ஐ.ஏ.எஸ். என்கிற வேறொரு அப்பீல் அமைப்புக்குப் போகும். என் அனுபவத்தில் அங்கே வாகனக்காரர் வெல்வது அபூர்வம்.

முதல் அப்பீலைக் குழம்பு மாதிரி நீட்ட வேண்டாம். ஆங்கிலத்தில் இந்தக் கருத்து வந்தால் போதும்: 'நான் வாகனத்தின் பதிவு பெற்ற கீப்பர். உங்கள் நோட்டீஸ் சட்டத்தின் நான்காவது அட்டவணை, 9ஆம் பத்தி சொல்லும் 14 நாள் கெடுவுக்குள் எனக்குச் சேரவில்லை. எனவே கீப்பராக எனக்குப் பொறுப்பு இல்லை. ஓட்டியவர் யார் என்று சொல்ல நான் கடமைப்பட்டவளும் இல்லை. ரத்துச் செய்யுங்கள், அல்லது பாப்லா எண் அனுப்புங்கள்.' ஆன்லைன் படிவத்தில் 'நீங்கள் யார்' என்ற பெட்டியில் கீப்பர் என்பதை மட்டும் தெரிவு செய்யுங்கள். சில கம்பெனிகள் 'ஓட்டுநர்' என்பதை முன்கூட்டியே டிக் போட்டு வைத்திருக்கும்.

ஸ்லவ்காரன்:

2012இல் மாறியது எனக்குத் தெரியவே தெரியாது. போன மாதம் வந்த ஒன்று இன்னும் வீட்டில் எங்கேயோ கிடக்கிறது, தேடுகிறேன்.

மில்டன்கீன்ஸ்வாசி:

ஜூன் மாத நிலவரம். கம்பெனி அப்பீலை நிராகரித்தது. 14 நாள் விஷயத்துக்கு ஒரு வார்த்தை பதில் இல்லை. போர்டு தெளிவாக இருந்தது, பெர்மிட் இல்லை, எனவே கட்டு என்று அச்சடித்த லெட்டர். ஆனால் பாப்லா எண் கொடுத்தார்கள். மனைவி பெயரில் தேதிக் கணக்கை மட்டும் ஒரு பக்கம் எழுதிப் போட்டோம், மார்ச் மாதக் காலண்டரையும் சேர்த்து. போன வாரம் பாப்லாவிடமிருந்து ஈமெயில்: கம்பெனி தன் டிக்கெட்டை வாபஸ் வாங்கிக்கொண்டது, அப்பீல் முடிந்தது. காரணம் எதுவும் சொல்லவில்லை.

ஏஜென்ட் கடைசிவரை ரத்துச் செய்யவில்லை. ஆனால் நண்பனின் வீட்டுக்காரர் எழுதின ஈமெயிலுக்குப் பிறகு பிளாஸ்டிக் அட்டையை நிறுத்திவிட்டார்கள். விருந்தாளி வரும்முன்பே கார் எண்ணைப் போனில் பதிந்துவிட்டால் போதுமாம்.

கணக்கப்பிள்ளை அண்ணா, மொத்தம் ஒன்றரை மணி நேரம் ஆகியிருக்கும்.

குரோய்டன் கணக்கப்பிள்ளை:

60 பவுண்டுக்கு ஒன்றரை மணி நேரம். பரவாயில்லை, நல்ல ரேட்தான்.

ஸ்லவ்காரன்:

போன வாரம் எனக்குப் புதிதாக இன்னொரு டிக்கெட் வந்திருக்கிறது. ஆனால் இது தபாலில் வரவில்லை, கண்ணாடியில் மஞ்சள் உறையில் ஒட்டியிருந்தது. அதே 14 நாள் கணக்குதானா அக்கா?

ஹாரோ அக்கா:

இல்லை தம்பி, கண்ணாடியில் ஒட்டினால் கணக்கு வேறு. அப்போது கீப்பருக்கான நோட்டீஸ் 29ஆம் நாளுக்கும் 56ஆம் நாளுக்கும் இடையில் வந்து சேர வேண்டும். அதனால் அவசரப்பட்டு அப்பீல் போடாமல் 26ஆம் நாள் வரை பொறுத்திருந்து, கீப்பராகப் போடுங்கள். அப்பீல் வந்துவிட்டதே என்று கீப்பர் நோட்டீஸ் அனுப்ப மறந்துவிடுகிற கம்பெனிகள் உண்டு. 28 நாளைத் தாண்டவிட்டால் அப்பீல் உரிமை போய்விடலாம். ஒட்டின தேதியைப் பார்த்து இன்றைக்கே எண்ணுங்கள்.